தன் பெயரில் எழுதாதவர்

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்கு மேல் என்னிடமிருந்து எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர். புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. இந்த வாசலில் நின்று தும்மினால் அந்த வாசலில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு குறுகல். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். தானே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கழுத்தில் பவுடர். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்ததில் மிஞ்சியது ‘அலோர்’ என்கிற ஒரு வார்த்தை, ‘அப்போ’ என்று பொருள். எதற்கெடுத்தாலும் அதில்தான் ஆரம்பிப்பார். “அலோர், இன்னிக்கு என்ன கொழம்பு?” என்று என் அம்மாவிடம் அவர் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக் குழம்பு இவருக்கு எதற்கு?

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். எதையும் தன் பெயரில் எழுத மாட்டார். ஆனால் எழுதாமலும் இருக்க மாட்டார்.

தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மேலே மனு போகும். எழுதுகிறவர் இவர்தான். ஆனால் கீழே இருக்கும் பெயர் தெருக்கோடியில் இட்லி விற்கும் பாக்கியம் அம்மாளுடையது. பாக்கியம் அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு முறை, ‘பதவியில் இருந்துகொண்டு உறங்குகிறவர்களுக்கு எங்கள் நாற்றம் எட்டவில்லையா’ என்று காரமாக ஒரு மனு போய்விட்டது. விசாரிக்க ஆள் வந்தது. வந்தவர் அந்த அம்மாளைப் பார்த்தார், தெருவோரத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தார், “பெட்டிஷன்லாம் நல்லாத்தான் எழுதறீங்க, ரோட்டுல அடுப்பு வெக்கிறதுக்கு யார்கிட்ட கேட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் பயந்துபோய்ப் பத்து நாள் கடை போடவில்லை. யார் இப்படிச் செய்தது என்று அழுதுகொண்டே வீடு வீடாகக் கேட்டாள். இவர் வீட்டிலும் கேட்டாள்.

“யாரு எழுதினா என்ன பாக்கியம், சாக்கடையை அள்ளிட்டாங்களா இல்லையா? அதைப் பாரு” என்றார். கூடவே அவளுக்கு ஒரு டம்ளர் காபி வேறு கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்று கோயிலில். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வேண்டுதலைக் கருத்தாக எழுதிப் பெட்டியில் போடலாம். பூசை தொடங்கும்போது அதை வாசிப்பார்கள். மகன் பரீட்சையில் தேற வேண்டி, கால்வலி குணமாக வேண்டி, இப்படி. ஒரு ஞாயிறு உபதேசியார் ஒலிபெருக்கியில், ‘தன்னுடைய குடிப்பழக்கம் நீங்க வேண்டி கபிரியேல்’ என்று வாசித்துவிட்டார். கபிரியேல் எங்கள் பாடகர் குழுவின் தலைவர். ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் குடிப்பது ஊருக்கே தெரியும், ஆனால் ஊருக்குத் தெரிகிற விஷயத்தை ஊர் கூடியிருக்கும்போது வாசிப்பது வேறு. அன்றைக்கு வருகைப் பாடலை யாரும் பாடவில்லை. அவருடைய மனைவி செலின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தவள், பூசை முடியும்வரை நிமிரவில்லை. நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். பக்கத்து வரிசையில் இவர் கண்ணை மூடிக்கொண்டு, கைகூப்பி, கபிரியேலுக்காக மனமுருகிச் செபித்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு தடவை நேராகவே கேட்டார். “எல்லாத்தையும் அடுத்தவன் பேர்லயே எழுதறீங்களே, ஒங்க பேரு என்ன தேய்ஞ்சா போயிடும்?”

“எனக்கு எதுக்கு வம்பு சார்? பேரைப் போட்டா நாளைக்குக் கேள்வி வரும். நான் புள்ளகுட்டிக்காரன்” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். எங்கள் தெருவே அவரைப் பார்த்து இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்ததற்கு நாங்கள் நன்றாக அனுபவித்தோம்.

அப்போதுதான் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த அந்த முதல் சில வருடங்களில் ஊரில் எங்கே திரும்பினாலும் ஒன்று இருந்தது. பலகை வைத்துத் தடுத்த ஆறு கேபின்கள், ஒரு மின்விசிறி, வாசலில் மேசை போட்டு விஜி என்கிற பெண். வருகிறவர்கள் பெயரையும் நேரத்தையும் அவளிடம் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். தெருவில் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஐடி முளைத்தது. சாட் ரூமில் போய் முகம் தெரியாதவர்களுடன் பேசுவதுதான் அன்றைய பொழுதுபோக்கு.

ஐடிக்குப் பெயர் வைப்பதற்கு அவரவர் பட்டபாடு தனிக்கதை. என் தம்பி மூன்று நாள் யோசித்து ‘பாண்டிகிங்’ என்று வைத்துக்கொண்டான். அந்தப் பெயரில் ஏற்கெனவே நாற்பது ராஜாக்கள் இருந்ததால் பின்னால் நாலு எண் சேர்க்க வேண்டியிருந்தது. கபிரியேலின் மகன் தன்னைத் ‘தனிமை’ என்று சொல்லிக்கொண்டான், வீட்டில் ஏழு பேர். விஜி ‘ஏஞ்சல்’. நான் அப்போது கதிர்காமத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். எனக்கு ‘ஓபாசிட்டிவ்’ என்று வைத்துக்கொண்டேன், என்னுடைய ரத்த வகை. பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு. வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் போதவில்லை, எல்லோரும் இன்னொன்றாக இருக்க ஆசைப்பட்டோம். அதனால் எங்கள் சொந்தப் பெயர்களை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. அவை அப்படியே காலியாகக் கிடந்தன. எடுத்துக்கொள்ள எதிர்வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் மர்த்தா பெல்லோன். இந்தப் பெல்லோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், பழைய வழக்கங்களை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. எங்கள் பூட்டனார் அப்படிப் போய் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரை ஏன் எடுத்தார் என்று கேட்டால், வாயில் நுழைந்தது அது ஒன்றுதான் என்று அப்பா சொல்வார். பெயர் பிரெஞ்சுப் பெயராக இருப்பதால் நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் ஆகிவிட மாட்டோம். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு பெல்லோன் என்றாலே பாரீஸ்தான். பிரெஞ்சுப் பிரஜையாக ஒரு பெண் கிடைத்தால் அவளைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம் என்று எத்தனை பையன்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு மூலக்குளம், அவர் சென்னையில் வேலை பார்த்தார். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகளை இன்னாருடைய மகனுக்குத் திருமணம் செய்ய நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும், என்று. முதல் ஓலை வாசித்த ஞாயிறு காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை வாசித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அன்று மாலை மூன்று மணிக்கு எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

ஒன்பது பேர் இறங்கினார்கள். தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கையில் தட்டுகள். பழம், தேங்காய், மல்லிகைப்பூ, மஞ்சள், குங்குமம். முன்னால் வந்த பையன் புதுச்சட்டையில் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தான். அப்பாவைப் பார்த்துக் குனிந்து, “போன்ழூர் முஸ்யே. ழெ மாப்பேல் ஞானவேல்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தன் பெயரையும் சொன்னான். பரீட்சையில் ஒப்பிப்பது போல ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “யார் வேணும் ஒங்களுக்கு?”

“மர்த்தா வூடு இதானே?” என்றாள் பையனின் அம்மா. “பொண்ணுதான் இன்னிக்குப் பெரியவங்களக் கூட்டிட்டு வரச் சொல்லிச்சாம். மதம் கிதம்னு நாங்க ஒண்ணும் பாக்கல. இவன் ஒரே புடிவாதமா நிக்கிறான்.”

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆறு மாதம் பழகியவன் சிரிக்கிற சிரிப்பு. நான் அவனை வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நீலநிறப் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை அவன் என் அப்பாவிடம் கொடுத்தான். என் பெயரில் வந்த கடிதங்கள், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். மர்த்தாபெல்லோன்பாண்டி என்கிற ஐடியிலிருந்து. நான் பிரெஞ்சுப் பிரஜை, எனக்கு வரப்போகிறவர் பிரெஞ்சு பேச வேண்டும், நீங்கள் வகுப்பில் சேருங்கள். சேர்ந்துவிட்டீர்களா, சமர்த்து. இன்று பச்சைக் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தேன், தும்மல். அப்பாவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை, கோபத்தில் இருக்கிறார். பக்கம் பக்கமாக. பச்சைக் குடை என்னுடையதுதான். தும்மியதும் நான்தான். அப்பாவின் முகம் எழுத்துக்கு எழுத்து மாறிக்கொண்டே வந்தது.

“நான் எழுதலப்பா” என்றேன்.

“அப்ப யாருதாங்க எழுதினது?” என்றான் ஞானவேல். “ஆறு மாசமா நான் யார்கிட்ட பேசினேன்? மாமன் பொண்ண வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேங்க. அவங்க எங்க வூட்டுப் படி ஏறதில்ல இப்ப.”

அந்த நேரத்தில்தான் இவர் தெருவைக் கடந்து வந்தார். மாலைக்கென்று மாற்றிய சட்டை, கழுத்தில் புதுப் பவுடர். “அலோர், என்ன விசேஷம்?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். கோப்பை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். சில இடங்களில் தலையை ஆட்டினார். ஓரிடத்தில், தான் எழுதியதே தனக்குப் பிடித்துப்போய்த் திரும்ப ஒருமுறை படித்தார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று தெரியவில்லை.

படித்து முடித்துக் கையெடுத்து அந்தக் குடும்பத்தைக் கும்பிட்டார். “சின்னப் பொண்ணுங்க. வயசு அப்படி. எதோ வெளையாட்டா எழுதியிருக்கும். இன்னிக்குக் காலையிலதான் இதுக்கு ஓலை வாசிச்சாங்க. நீங்க பெரிய மனசு பண்ணி இதோட விட்டுடணும்.”

“அங்கிள், நான் எழுதல” என்றேன்.

“சரிம்மா, எழுதல. எழுதினன்னு இப்ப யாரு சொன்னா?” என்று என் தோளைத் தட்டினார்.

என்னை மன்னித்தே என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட யாராவது என் பக்கம் பேசியிருப்பார்கள். வந்தவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். ஞானவேலின் அம்மா மட்டும் திரும்பி வந்து, “ஒனக்கு ஒரு புள்ள பொறந்து அதுக்கு யாராவது இப்படிப் பண்ணா அப்பத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

மூலக்குளத்துக்கு விஷயம் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரவுக்குள் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். “பொண்ணு எழுதலன்னா அது யாருன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா ஓலை வாசிக்கச் சொல்றேன்” என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. எனக்கு ஆறு நாள் இருந்தது.

அன்று நான் தூங்கவில்லை. அந்தக் கடிதங்களை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடை, தும்மல், ஸ்கூட்டர், என் மஞ்சள் சுடிதார், வாசலில் வைத்த துளசித்தொட்டி உடைந்தது. வீட்டுக்குள்ளே நடப்பது ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று இல்லை, அம்மாவின் சர்க்கரை வியாதி இல்லை. எல்லாமே எதிர்வாசலில் நின்றால் கண்ணில் படுகிற விஷயங்கள். அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒவ்வொரு கேபினாக உட்கார்ந்தேன். அந்தக் காலத்துக் கணினிகளில் ஒரு வசதி இருந்தது. மெசஞ்சரில் பெயர் எழுதும் கட்டத்தை அழுத்தினால், அதில் முன்பு நுழைந்தவர்களின் ஐடிகள் எல்லாம் கீழே பட்டியலாக விழும். அழிக்கத் தெரிந்தவர்கள் அழிப்பார்கள். நாலாம் நம்பர் கேபினில் அழுத்தினேன். என் பெயர் விழுந்தது. அதற்குக் கீழே செலின். அதற்குக் கீழே கான்வென்ட் டீச்சர். மருந்துக்கடைக்காரரின் மனைவி. போன வருடம் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்துவிட்ட எங்கள் பக்கத்துவீட்டு அக்கா. என் அம்மா. எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர், முழுப்பெயருடன், ஒருவர் கீழ் ஒருவராக. மேலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். இரண்டு பெயர்கள் மட்டும் அதில் இல்லை. அவருடைய மனைவி பெயரும், மகள் ரீட்டாவின் பெயரும்.

“இந்தக் கேபின்ல யாரு ஒக்காருவாங்க?” என்று விஜியைக் கேட்டேன்.

“ஒங்க எதிர்வூட்டு சார்தான்க்கா. அவருக்கு நாலுதான் வேணும். அதுலதான் ஸ்கிரீன் செவுத்தப் பாத்து இருக்கு, பின்னாடி யாரும் வர முடியாது.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மாலை வேளைகளில், அந்த அழகான கையெழுத்தில், என் அப்பாவின் பெயர். ஆறு மாதமாக, வாரத்துக்கு நாலு நாள். இதை நான் மூலக்குளத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்கு உடனே புரிந்தது. மகளுக்கு அப்பாவே துணை என்பார்கள்.

“நீ வந்து சொல்றியா விஜி? எங்க அப்பாகிட்ட மட்டும் சொன்னா போதும்.”

“என் வேலை போயிடும்க்கா” என்றாள். பிறகு, “அவரு என் பேர்ல எங்கயாவது எழுதிட்டாருன்னா?” என்றாள். அவள் பயம் நியாயமானதுதான். அப்பாவிடம் நானே சொன்னேன். “எதிர்வீட்டுக்காரர் இதெல்லாம் செய்வாரா? அன்னிக்கு ஒனக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாரு” என்றார். மனுக்களையும் கபிரியேலையும் நினைவுபடுத்தினேன். அது வேறு, இது வேறு என்றார்.

மூன்று நாள் இப்படிப் போனது. வியாழக்கிழமை மதியம் நான் மறுபடி போய் நாலாம் நம்பர் கேபினில் உட்கார்ந்தேன். ரீட்டாவின் முழுப்பெயரில் ஒரு ஐடி தொடங்கினேன். நுழைந்தேன், வெளியே வந்தேன். யாருக்கும் எதுவும் எழுதவில்லை. பட்டியலில் அந்தப் பெயர் நிற்க வேண்டும், மாலையில் அவர் வந்து அழுத்தும்போது விழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ரீட்டா மகளிர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். அவளைப் பற்றி நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் செய்தேன்.

நடந்ததை விஜி சொன்னாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எழுந்து வந்தாராம். முகம் வெளிறிப்போய், “இந்த சீட்ல இன்னிக்கு யாரு ஒக்காந்தது?” என்றாராம். “யாரோ பொண்ணு, கவனிக்கல சார்” என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவர் என்னைத் தேடிக்கொண்டு வருவார் என்றுதான் நான் வாசலில் காத்திருந்தேன். வந்து கேட்டால் அதுவே அவருடைய வாக்குமூலம், என் கணக்கு அதுதான். பதினோரு பெண்களின் பெயரில் எழுதியவருக்கு, தன் மகள் பெயரில் வேறு ஒருத்தி எழுதியிருக்கலாம் என்று தோன்றாதா? தோன்றவில்லை. அந்த ஆளுக்கு அது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நேராக வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார். எங்கள் வாசல்வரை கேட்டது.

“சென்டர்காரரே சொன்னாரு. ஒன் பேர்ல ஐடி இருக்குதாம். யாருடி அவன்?” அதைக்கூடத் தான் பார்த்ததாகச் சொல்லவில்லை.

“நான் பண்ணலப்பா.” ரீட்டாவின் குரல். “சத்தியமா நான் பண்ணலப்பா.”

நான் ஞாயிறன்று எந்தத் தொனியில் சொன்னேனோ அதே தொனி. பிறகு அடி விழுந்தது. நாளையிலிருந்து கல்லூரி கிடையாது என்று அவர் கத்துவது கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ரீட்டா உள்ளறையின் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் விரலாகத் தடித்திருந்தது.

“அங்கிள், ரீட்டா பேர்ல ஐடி போட்டது நான்” என்றேன். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் பேர்ல எழுதினது நீங்க. நாலாம் கேபின்ல நம்ம தெருப் பொம்பளைங்க பேரு மொத்தமும் பாத்தேன். அந்தக் கோவத்துல ரீட்டா பேரப் போட்டேன். நான் பண்ணது தப்பு. அவள காலேஜுக்கு அனுப்புங்க.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்த்தார், ரீட்டாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஆசுவாசம் வந்தது. நான் பார்த்தேன். என் மகள் இல்லை, அப்பாடா, என்கிற ஆசுவாசம். நான் சொன்னதை அவர் நம்பினார். இதை எங்கே கேட்டாலும் சத்தியம் செய்வேன்.

“அப்பா, இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல?” என்று ரீட்டா எழுந்தாள். “நான் திங்கக்கெழமை போலாமில்ல?”

அவர் மனைவி கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். “எந்தக் கேபின்? இவ என்னமோ பொம்பளைங்க பேருன்றாளே, என்னது அது?”

அவர் மனைவியைப் பார்த்தார். ரீட்டா குற்றமற்றவள் என்று சொல்ல வேண்டுமானால் நான் சொன்னது உண்மை என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது உண்மை என்றால் அந்தப் பதினோரு பெயரும் உண்மை. அந்த முகத்தில் இருந்த ஆசுவாசம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவர் யோசிப்பதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“நான் அந்தப் பக்கமே போறதில்லையே” என்றார் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரலில், “அலோர், அவளுக்காகப் பொய் சொல்ல வந்திருக்க. நல்ல மனசும்மா ஒனக்கு. ரெண்டு பேரும் சேந்துதான் சுத்தியிருக்கீங்கன்னு இப்பதான் வெளங்குது. வீட்டுக்குப் போ” என்றார். “ரீட்டா, உள்ள போ.”

அவள் உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் என்னை நம்பினாளா, அவரை நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதை நம்பியிருந்தாலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. அவள் அந்த வருடத் தேர்வு எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை. அதில் அவருக்கு எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க நான் பல தடவை முயன்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டாம் என்று அம்மா சொன்னார். போகாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகும் என்று நான் போனேன். பிரசங்கம் முடிந்து ஓலை வாசித்தார்கள். வேறு இரண்டு ஜோடிகள். என் பெயர் வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

பூசையில் ஓரிடத்தில், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்வார். பக்கத்தில் முன்னும் பின்னும் இருப்பவர்களை எல்லோரும் கைகூப்பி வணங்குவார்கள். எனக்கு முன்வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். மனைவி பக்கத்தில், ரீட்டா வரவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவர் மெதுவாகத் திரும்பினார். என் கண்ணை நேராகப் பார்த்து, கைகூப்பி, “சமாதானம்மா” என்றார்.

நான் அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். ரீட்டாவின் கன்னம் நினைவுக்கு வந்தது. நானும் கைகூப்பினேன்.